பரிவட்டத்துக்கு ஒரு தலை

நெல்லிக்கோட்டை ராஜா கனகரத்தின பூபதிக்குப் பத்தொன்பது தலைப்பாகைகள் இருந்தன. தலைமுடியின் எண்ணிக்கை அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

வருடம் முழுக்க இது வெளியே தெரியாது. பங்குனி உத்திரத்தன்று மட்டும் தெரிந்துவிடும். அன்றைக்குக் குன்றத்து முருகன் கோயிலில் ராஜாவுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். சாமியின் துணியைத் தலையில் கட்டவேண்டுமென்றால், சொந்தத் தலைப்பாகையை ஊர் பார்க்க அவிழ்த்துத்தானே ஆகவேண்டும்? போன உத்திரத்தில் அவிழ்த்தபோது கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ராஜாவின் காதிலேயே தங்கிவிட்டது.

சேதி எப்படியோ மகரந்த பண்டிதருக்கு எட்டியது. உயரமான பட்டுத் தலைப்பாகையும் பெட்டி நிறைய ஊசிகளுமாகக் கடல் கடந்து வந்து இறங்கினார்.

"மகாராஜா, முடியின் வேர்கள் சாகவில்லை. தூங்குகின்றன. ஊசி போட்டு எழுப்பிவிடலாம்."

ராஜாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார். குடுவையில் விட்டுச் சுழற்றினார். மேலே தெளிந்ததை மண்டையில் இறக்கினார். ஒரு தடவைக்கு நாற்பது ஊசி. மூன்று மாதம் ஆயிற்று. நெற்றி வீங்கிக் கிரீடம் ஏற மறுத்தது.

"வேர்கள் எழுந்தனவா, மகாராஜா?" என்று கேட்டான் திருவம்பலம். ராஜாவை எதிரே நின்று கேலி பேசுவதற்கு அந்தச் சபையில் சம்பளம் வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

"நான்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். படுத்தால் ஊசி நினைவு வருகிறது."

பண்டிதர் அசரவில்லை. "அப்படியானால் நடவுதான்" என்றார். பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு முடியாக வேரோடு பிடுங்கினார். முன்மண்டையில் துளை போட்டு நட்டார். மூன்றாம் வாரம் நட்டதெல்லாம் உதிர்ந்தது.

"உதிரவேண்டும், மகாராஜா! உதிர்ந்தால்தான் முளைக்கும்."

"முளைக்காவிட்டால்?" என்றான் திருவம்பலம்.

"அது தலையின் குற்றம்."

ஆறு மாதம் காத்திருந்தார்கள். முன்னால் முளைக்கவில்லை. பின்னால் இருந்ததும் போயிற்று. உத்திரத்துக்கு இன்னும் இரண்டே மாதம்.

"நாற்று சரியில்லை. செழிப்பான தலை ஒன்று காட்டுங்கள். அதிலிருந்து பிடுங்கி நடுகிறேன்" என்றார் பண்டிதர்.

யானைப்பாகன் சடையனை இழுத்து வந்தார்கள். அவன் முடி இடுப்பைத் தொட்டது. பெட்டியிலிருந்த ஊசிகளைப் பார்த்ததும் அவன் ராஜாவின் காலில் விழுந்தான்.

"சாமி, இது வேண்டுதல் முடி. என் மக காய்ச்சல்ல கண்ணு தொறக்காம கிடந்தப்ப முருகனுக்கு நேர்ந்துகிட்டது. இப்பதான் எழுந்து நடக்கிறா. வர்ற உத்திரத்துல இறக்கணும். சாமிக்குச் சேரலேன்னா அவளுக்கு என்ன ஆகுமோ!"

"முருகனுக்கு ஆயிரம் தலை கிடைக்கும். மகாராஜாவுக்கு இருப்பது ஒரு தலை" என்றார் பண்டிதர்.

ராஜா சடையனைப் பார்க்காமல், "நாளைக் காலை ஆரம்பியுங்கள்" என்றார்.

"பேஷ்! நல்ல முடி" என்றான் திருவம்பலம். "ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். நேர்ந்த முடி எந்தத் தலைக்குப் போனாலும் முருகனுடையதுதானே? அப்படியென்றால் உத்திரத்தன்று சடையனுக்குப் பதிலாக மகாராஜாதான் மொட்டைக்கு உட்காரவேண்டும். கத்தியைத் தீட்டி வைக்கச் சொல்லவா?"

ராஜாவின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போயிற்று. "ஐயையோ, சாமி சொத்து நமக்கு வேண்டாம். பண்டிதரே, நேராத தலையாகப் பாரும்."

"நாளைக்கு ஊரையே வரிசையில் நிறுத்துங்கள். நானே பொறுக்கிக்கொள்கிறேன்" என்றார் பண்டிதர்.

அன்று சாயங்காலம் திருவம்பலம் தெருத்தெருவாகப் போனான். எந்த வீட்டிலும் அதிக நேரம் பேசவேண்டியிருக்கவில்லை. ஊசிப் பெட்டியைப் பற்றி ஊர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தது.

காலையில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மந்திரி முதல் தோட்டி வரை ஒவ்வொரு கையிலும் மஞ்சள் துணி முடிச்சு.

"இது என்ன கோலம்?" என்றார் ராஜா.

"வேண்டுதல், மகாராஜா. உங்கள் தலையை நினைத்து ஊரே முடி காணிக்கை நேர்ந்திருக்கிறது" என்றான் திருவம்பலம்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பண்டிதர் பல்லைக் கடித்தார். "நேராத தலை இந்த ஊரில் ஒன்றுகூடவா இல்லை?"

"ஏன் இல்லை? கடல் கடந்து வந்த தலை ஒன்று இருக்கிறதே. பண்டிதரே, தாங்கள் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லையே?"

பண்டிதர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காவலர்களுக்கு அது ஒரு பொருட்டா? பட்டு நழுவியது. பின்மண்டை முழுக்கப் பிடுங்கிய தழும்புகள். முன்மண்டையில், மழை பொய்த்த வயல்போல, நாலைந்து முடி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றது.

"இப்போதுதான் உதிர்ந்திருக்கிறது. இனிமேல் முளைக்கும், இல்லையா?" என்றான் திருவம்பலம்.

"இந்தப் பண்டிதனைச் சிறையில் தள்ளுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

"எதற்கு மகாராஜா, உட்கார வைத்துச் சோறு போடவா? தலைப்பாகையை மட்டும் பிடுங்கிக்கொண்டு விரட்டுங்கள். போகிற ஊரெல்லாம் அந்தத் தலையே பேசிக்கொள்ளும்."

அப்படியே செய்தார்கள். ராஜாவின் தலைப்பாகைகள் இருபதாயின.

உத்திரம் வந்தது. சடையன் மொட்டை போட்டுக்கொண்டான். அவன் மகள் தன் காலாலேயே குன்றேறி வந்து, அந்த முடியைத் தட்டில் ஏந்திக் கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் மந்திரி, சேனாபதி, திருவம்பலம், கடைத்தெரு, உழவர் தெரு என்று ஊரே மொட்டை. ராஜா கண்ணை மூடிக்கொண்டு தலைப்பாகையை அவிழ்த்தார். ஒரு சத்தமும் இல்லை. வெளியூர் ஆள் ஒருவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "இதில் ராஜா யாருங்க?" என்று கேட்டாராம்.

பரிவட்டத்தோடு அரண்மனைக்குத் திரும்பிய ராஜாவுக்கு ஒரு குழப்பம். "திருவம்பலம், என் தலையில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. பலிக்காத வேண்டுதலுக்கு ஊர் ஏன் மொட்டை போட்டது?"

"முடி முளைக்கவேண்டும் என்று யார் நேர்ந்தார்கள், மகாராஜா? ராஜா தலைக்கும் எங்கள் தலைக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்றுதான் நேர்ந்துகொண்டோம். கத்தி வைத்த உடனே முருகன் நிறைவேற்றிவிட்டானே!"

பரிவட்டம் நழுவும்படி சிரித்தார் ராஜா. பிறகு இருபது தலைப்பாகைகளையும் கொண்டுவரச் சொல்லி அவன் முன்னால் குவித்தார்.

"எடுத்துக்கொண்டு போ. முளைக்கிறவரைக்கும் உனக்கு வெயில் சுடும். எனக்குப் பழகிவிட்டது."