மடிக்காத இலை

ரொம்ப ரொம்ப முன்னாலே, கல்லுக்கும் வாய் இருந்த காலத்திலே, கடலோரச் சீமையில் நாகன் என்று ஒருவன் இருந்தான். அண்ணன் கூத்தன் வீட்டுக் கல்யாணத்தில் அவனைப் பாதிப் பந்தியில் எழுப்பிவிட்டார்கள். பாயசம் கூட வரவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள், எழுந்திரு" என்று சொன்னது கூத்தனேதான். அன்று அறுந்த பேச்சு இருபது வருடமாய் ஒட்டவில்லை.

ஊருக்கு மேற்கே ஓர் இடிந்த புத்தப்பள்ளி. செங்கல் மேட்டின் நடுவே, கையில் பிச்சைப் பாத்திரத்தோடு ஒரு கல் துறவி. ஊரார் அதை மொட்டைமுனி என்று நினைத்துச் சேவல் அறுப்பார்கள். நாகனும் வருடந்தோறும் சேவலோடு நடந்தான். நடந்தான், நடந்தான், கால் வீங்க நடந்தான். "அண்ணன் நாக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்" என்பான். அறுப்பான். திரும்பி நடப்பான். கூத்தன் நாக்குக்கு ஒன்றும் ஆகாது.

இந்தத் தடவை கேட்கக்கூடத் தெம்பில்லை. சும்மா உட்கார்ந்தான்.

"சேவலை அவிழ்த்துவிடப்பா" என்றது கல். "துறவிக்கு எதற்கு ரத்தம்?"

"முதல் வருடமே சொல்லியிருக்கலாமே."

"நீ என்றைக்கு உட்கார்ந்தாய்? கேட்டாய், அறுத்தாய், போனாய்."

நாகன் சேவலை அவிழ்த்துவிட்டான். "சரி, அவன் நாக்கு?"

"இழுத்துக்கொண்டால், 'வா தம்பி, சாப்பிடு' என்று உன்னை எதை வைத்துக் கூப்பிடுவான்?"

இருபது வருடமாய் நாகன் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

"என்னையும் பாதிச் சாப்பாட்டில்தான் ஒரு மந்திரவாதி கல்லாக்கினான்" என்றது கல். "பகையோடு வருகிறவன் சோறு போட்டால்தான் விடுதலை. உச்சிப்பொழுது தாண்டினால் துறவி நான் சாப்பிடவும் கூடாது."

நாகன் சூரியனைப் பார்த்தான். அவசரமாய்க் கட்டுச்சோற்றை அவிழ்த்து, பாதியைப் பாத்திரத்தில் போட்டான். ஒரு கவளம், விரல் அசைந்தது. இரண்டு கவளம், கண் திறந்தது. மூன்று கவளம், துறவி எழுந்து காலை உதறினார்.

"மரத்துப்போச்சு" என்றார். "நீ போய் அண்ணன் வீட்டுப் பந்தியின் மீதியைச் சாப்பிடு."

கதவைத் திறந்த கூத்தனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கூடத்தின் நடுவே ஒரு வாழையிலை, பச்சைப்பசேல் என்று.

"உன் இலைதான். அன்றைக்குப் போட்டது. வாடவும் இல்லை, எவராலும் எடுக்கவும் முடியவில்லை. தாண்டித் தாண்டி எங்களுக்கும் கால் ஓய்ந்துபோச்சு." கூத்தன் தரையைப் பார்த்தான். "வா தம்பி, சாப்பிடு."

அண்ணி பாயசம் ஊற்றினாள். நாகன் வழித்துச் சாப்பிட்டான். "இனிப்புக் குறைச்சல்" என்றான். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான். பிறகு, உறவு வேண்டும் என்கிறவர்கள் மடிப்பதுபோல, இலையைத் தன் பக்கமாய் மடித்தான். அந்தக் கணமே அது வாடிச் சருகானது.

சேவல் மட்டும் அந்தச் செங்கல் மேட்டிலேயே தங்கிவிட்டது. இந்தக் கதையைச் சொன்னதே அந்தச் சேவல்தான்.