தெளிந்த குழாய்

ஜெயசீலிக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் ஆராய்ச்சி கற்க வந்து சேர்ந்த சீடருக்கு ஐம்பத்து மூன்று. குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். அதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான்.

சீடரின் பெயர் தணிகைவேல். அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் மருந்தாளுநராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். தவளையின் தோலில் சுரக்கும் பாலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. ஆனால் அங்கே ஒரு தவளைகூடக் கிடையாது. அமேசான் காட்டு இலைத்தவளையின் பாலில் உள்ள புரதத் துணுக்குகளை வேறொரு இடத்தில் அச்சு அசலாகச் செய்து, வெள்ளைப் பொடியாக அனுப்பிவைப்பார்கள்.

அந்தப் பொடியைக் கரைத்துக் கிருமி உள்ள குழாயில் விடுவார் தணிகைவேல். மறுநாள் குழாய் கலங்கியிருந்தால் கிருமி ஜெயித்தது. தெளிந்திருந்தால் மருந்து ஜெயித்தது. எட்டு மாதமாக இதே வேலை. தெளிந்த குழாயைக் கண்டால் அவர் முகமும் தெளிந்துவிடும்.

ஒரு புதன்கிழமை காலை, ஜெயசீலி வந்து பூட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், ஒரே வார்த்தையில சொல்லுங்க. தவளைப்பால் மருந்தா, இல்லையா?”

“யாருக்கு?”

“பொதுவாத்தான் கேக்குறேன்.”

“பொதுவாக் கேக்குறவர் எட்டு மணிக்கு வந்து வாசல்ல நிக்க மாட்டார் சார்.”

தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி செங்கமலத்துக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம். மலைமேல் ஒரு முகாமில் தவளைப்பால் வைக்கிறார்களாம். தோலில் புள்ளி புள்ளியாகச் சுட்டு, அந்தப் புண்ணில் பாலைத் தடவுவார்களாம். வருகிற சனிக்கிழமைக்கு அவள் பெயர் கொடுத்துவிட்டாள்.

“பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்கன்னு சொன்னீங்களே?”

“ரெண்டு வேளை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்னேன். அவ நம்பலை. நானே வந்து கேட்டுக்கிறேன்னு கிளம்பி வந்துட்டா. படியேறிக்கிட்டிருக்கா.”

அந்தப் படிகள் பதினெட்டு. செங்கமலம் மேலே வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, மின்விசிறியையும் திருப்பி வைத்திருந்தார் ஜெயசீலி. தண்ணீரை அவள் தொடவில்லை.

“டாக்டரம்மா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. போகலாமா, வேண்டாமா?”

“போகாதீங்க அக்கா.”

“ஏன்?”

“மனுஷங்ககிட்ட ஒழுங்காச் சோதிச்சுப் பார்த்தது எதுவும் இல்லை. நெஞ்சு படபடக்கும், பிரஷர் தாறுமாறாப் போகும். செத்தவங்களும் இருக்காங்க.”

“மாத்திரை தின்னு செத்தவங்க இல்லையா?”

“இருக்காங்க.”

“ஒழுங்காச் சோதிக்கலைங்கிறீங்க. அது யார் குத்தம்? நானா சோதிக்க வேண்டாம்னேன்? பதினோரு வருஷமா என் சடையை நானே பின்ன முடியலை. இவர்தான் பின்னிவிடுறார், கோணலும் மாணலுமா. அந்தத் தவளை இருக்கிற காட்டு ஜனங்க தலைமுறை தலைமுறையா வச்சுக்கிறாங்களாம். வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி, உடம்பு சோம்பல் போக. அவங்க சொன்னா மூடநம்பிக்கை, நீங்க குழாய்ல ஊத்திப் பார்த்துச் சொன்னா விஞ்ஞானமா?”

தணிகைவேலுக்குக் காது சூடேறியது. “செங்கமலம், மெதுவா.”

“நீங்க சும்மா இருங்க.”

“அக்கா கேக்குறது நியாயம் சார்,” என்றார் ஜெயசீலி. “அவங்க அப்படி வச்சுக்கலைன்னா இந்தப் பொடி நம்ம மேசைக்கே வந்திருக்காது.”

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து வந்தார். தட்டு முழுக்கக் கிருமி மஞ்சளாகப் படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம், துடைத்து எடுத்ததுபோல.

“நடுவுல இந்தப் பொடிக் கரைசல் ஒரு சொட்டு விட்டோம். ஆஸ்பத்திரியில எந்த ஊசிக்கும் அடங்காத கிருமி இது. ராத்திரியோட ராத்திரியா செத்துப்போச்சு.”

செங்கமலம் தட்டைக் கையில் வாங்க முயன்றாள். விரல்கள் மடங்கவில்லை. ஜெயசீலியே அவள் கண்ணருகில் பிடித்துக் காட்டினார்.

“இதே பால்ல இன்னொரு துணுக்கு இருக்கு,” என்றார். “நம்ம மூளையில வலியை அடக்குற கதவுக்கு ஒரு பூட்டு உண்டு. மார்பின்னு ஒரு வலி மருந்து, அதுக்கு இது திறக்கும். இந்தத் துணுக்குக்கும் திறக்கும், மார்பினைவிடப் பல மடங்கு சுலபமா. கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்துல உக்காந்திருக்கிற தவளை. அதோட முதுகுல நம்ம பூட்டோட சாவி. எனக்கு இன்னும் பழகலை அக்கா. நினைச்சா இப்பவும் கை சில்லுன்னு ஆயிடும்.”

தணிகைவேலுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். இருந்தும், இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல இருந்தது.

“அப்போ போறேன்,” என்றாள் செங்கமலம். “நீங்களே சொல்லிட்டீங்க.”

“ஒரு சொட்டு ரத்தம் தர்றீங்களா?”

அவள் விரலை நீட்டினாள். ஜெயசீலி அந்தச் சொட்டை உப்புத் தண்ணீரில் விட்டு, இரண்டு குழாய்களில் பிரித்து ஊற்றினார். இரண்டும் செம்மண் தண்ணீர்போலக் கலங்கலாக இருந்தன. ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீரையே இன்னும் கொஞ்சம் விட்டார். மற்றதில் பொடிக் கரைசல். உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் இரண்டையும் வைத்து மூடினார்.

ஒரு மணி நேரம். அதற்குள் செங்கமலம் தண்ணீரைக் குடித்தாள். இட்லிக்கு உளுந்து எத்தனை பங்கு என்பதில் அவளுக்கும் ஜெயசீலிக்கும் ஒத்துப்போகவில்லை.

“எடுங்க சார்.”

தணிகைவேல் பெட்டியைத் திறந்தார். முதல் குழாய் பழையபடியே கலங்கலாக இருந்தது. இரண்டாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மாதுளைச் சாறுபோல, மாணிக்கம்போல. குழாய்க்கு அந்தப் பக்கம் தொங்கிய காலண்டரின் எழுத்துகூடத் தெரிந்தது.

“தெளிஞ்சிருச்சு மேடம்,” என்றார். எட்டு மாதப் பழக்கம். சொல்லும்போதே கை தானாக நோட்டில் ‘சரி’ போட்டுவிட்டது.

“முகாம் நோட்டீஸ்லயும் அதுதான் போட்டிருக்கு,” என்றாள் செங்கமலம் மெதுவாக. “ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்னு. பாருங்க, எவ்வளவு சுத்தம்.”

அவள் கண் கலங்கியிருந்தது. தன் ரத்தம் இத்தனை அழகாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

ஜெயசீலி இரண்டு குழாய்களிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

“முதல்ல கலங்கல்.”

செங்கமலம் குனிந்து பார்த்தாள். “வட்ட வட்டமா நிறைய இருக்கு. நடுவுல குழிஞ்சு. நெருக்கியடிச்சுக்கிட்டு.”

“அதுதான் நீங்க. இப்போ தெளிஞ்சது.”

வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து கணவருக்கு இடம் விட்டாள். தணிகைவேல் பார்த்தார். வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. ஒன்றுமே இல்லை.

“எங்க போச்சு?” என்றாள் அவள்.

“உடைஞ்சிருச்சு. உங்க ரத்த அணு எல்லாமே. கிருமியோட தோலைக் கிழிச்ச அதே துணுக்குதான்.”

தணிகைவேல் நோட்டை எடுத்து, போட்ட ‘சரி’யை அடித்தார். ஆனாலும் அவருக்குள் இருந்த மருந்தாளுநர் விடவில்லை.

“நீங்க அளவைக் கூட்டிட்டீங்க மேடம். தட்டுல விட்டது இதைவிட ரொம்பக் குறைச்சல்.”

“கூட்டித்தான் விட்டேன். முப்பது மடங்கு. முகாம்ல எவ்வளவு வைக்கிறாங்க?”

“அஞ்சு புள்ளி,” என்றாள் செங்கமலம்.

“ஒரு புள்ளியில எவ்வளவு மில்லிகிராம் சார்?”

தணிகைவேலிடம் இருபத்தெட்டு வருடத்தில் அளவு எழுதாத சீட்டு எத்தனையோ வந்திருக்கிறது. ஒன்றுக்குக்கூட அவர் மருந்து கொடுத்ததில்லை, எழுதியவர் பெரிய டாக்டராக இருந்தாலும். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை இவளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

“தெரியாது,” என்றார்.

“எனக்கும் தெரியாது. பாலைக் குச்சியில தடவிக் காயவச்சுத்தான் கொண்டுவருவாங்க. அதுல ஒரு தவளையோட பால் இருக்கலாம், நாலு தவளையோடதும் இருக்கலாம். வைக்கிறவருக்கும் தெரியாது.”

செங்கமலம் எளிதில் விடுகிறவள் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி. கடைசியா ஒண்ணு. இதுக்குப் பதில் சொல்லுங்க, நான் போகலை. போன மாசம் என் அக்கா மக போயிட்டு வந்தா. பாலை வச்சதும் குடம் குடமா வாந்தியாம். உள்ள இருந்த கெட்டது எல்லாம் வெளிய போகுதுன்னு அங்க சொல்லியிருக்காங்க. அப்புறம் உடம்பு பஞ்சாட்டம் ஆயிடுச்சாம். அவ பொய் சொல்ற பொண்ணு இல்லை.”

“பொய் இல்லை அக்கா. வாந்தியும் நிஜம், பஞ்சும் நிஜம். பஞ்சு அந்தச் சாவியோட வேலை.”

“அப்போ என்னதான் வெளிய போகுது?”

ஜெயசீலி குழாய்களைத் தாங்கியில் செருகிவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தக் காட்டுல ஒரு மரப்பாம்பு. நல்ல பசி. கிளையில இந்தத் தவளை உக்காந்திருக்கு. பாம்பு கவ்விடுது. தவளை உதறலை, கத்தலை. பால் மட்டும் சுரக்குது. பாதித் தவளை உள்ள போயாச்சு. பால் பாம்போட வாய்ல இறங்குது. பாம்புக்குத் தலை சுத்துது, நெஞ்சு அடிக்குது, குடல் புரளுது. வாயைப் பிளந்துடுது.”

“வாந்தி எடுக்குது.”

“எடுக்குது. வெளிய வர்றது தவளைதான், பாம்புக்குள்ள இருந்த கெட்டது இல்லை.”

செங்கமலம் மடங்காத விரல்களால் கைப்பையிலிருந்து போனை நெம்பி எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

“சனிக்கிழமை வரலைன்னு அடிச்சு விடுங்க.”

தணிகைவேல் அடித்தார். எழுத்துகள் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

“டாக்டரம்மா,” என்றாள் செங்கமலம். குரலில் இப்போது வழக்கு இல்லை. “வெளிய வந்த தவளை என்ன பண்ணும்? உசுரு தப்பிச்சதுன்னு குதிச்சு ஓடிருமா?”

“குதிக்காது அக்கா. ஒவ்வொரு காலா எடுத்து வச்சு, கிளைமேலேயே மெதுவா நடந்து போகும்.”