கருப்பாயியும் மூன்று அங்குல ஆணியும்

இதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும், நாளைக் காலையில் என் பல்செட்டு டம்ளரை விட்டு இறங்கி ஊரைவிட்டே ஓடிப்போகட்டும். உள்ளங்கையில் சூடம் ஏற்றினாலும் அணைத்துச் சத்தியம் செய்வேன். நடந்தது நடந்தபடி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊர் ரயில் நிலைய வாசலில் குடை ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். குடைச்சாமி என்று பேர். வயது நாற்பத்திரண்டு. கம்பி ஒடிந்த குடையைக் கொண்டுபோனால் சரிசெய்து கொடுப்பார். மனசு ஒடிந்து போனவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏதாவது கேட்பார். பதில் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்படியும் நாலைந்து சீடர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் பூவலிங்கம். வயது எழுபத்தொன்று. குருவுக்கு அப்பா வயது. அவர் குருவைச் 'சாமி' என்பார், குரு அவரை 'அண்ணாச்சி' என்பார்.

பூவலிங்கம் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். எஞ்சினுக்குக் கருப்பாயி என்று பேர். இருபத்தெட்டு வருஷம் அதன் அடுப்பில் கரி அள்ளிப் போட்டார். அவர் அள்ளின அள்ளில் வடக்கே ஒரு கரிமலையே தரைமட்டமானது. அந்த இடத்தில் இப்போது கபடி விளையாடுகிறார்கள்.

அத்தனை வருஷமும் அதே எஞ்சினை ஓட்டியவர் சவரிமுத்து. அவர்தான் பூவலிங்கத்தின் வியாதி.

சவரிமுத்து இருக்கிற தெருவழியாகப் பூவலிங்கம் போகமாட்டார். டீ குடிக்க அரை மைல் சுற்றிப் போவார். சவரிமுத்துவின் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனால் மொட்டைமாடியில் நின்று எத்தனை கார் வந்தது என்று பார்த்தார். எழுபத்தைந்து வயதிலும் அந்த ஆளுக்குத் தலைமுடி கொட்டவில்லை என்பதில் அவருக்குத் தனி வருத்தம். சவரிமுத்துவுக்குச் சர்க்கரை இல்லை என்று கேள்விப்பட்ட அன்றைக்கு இவருக்கு இருபது கூடியது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுவார்.

போன மாதம் வியாதி முற்றிப்போனது.

கருப்பாயிக்குப் பெயிண்ட் அடித்து, பழைய எஞ்சின்களை வைத்திருக்கிற ரயில் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். திறப்பு விழா நடந்தது. மேடையில் சவரிமுத்துவுக்குப் பட்டுச் சால்வை. கடைசி வரிசையில் பூவலிங்கத்துக்கு ஒரு மிக்சர் பொட்டலம்.

மைக்கைப் பிடித்துச் சவரிமுத்து, "நான் ஒண்ணுமே பாக்கலைய்யா" என்று ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. என்ன பணிவு பாருங்கள் என்று முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். அதற்குமேல் அவர் என்ன சொன்னாரோ, மைக் கூவின கூவலில் யாருக்கும் கேட்கவில்லை. மாலையைப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

பணிவாம். அந்நேரம் பூவலிங்கத்தின் வயிற்றில் ஓர் அப்பளத்தை வைத்திருந்தால் பொரிந்திருக்கும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இரும்புக்கடையில் மூன்று அங்குல ஆணி ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு குருவிடம் வந்தார்.

"சாமி, பொய்யை அழிச்சா பாவமா?"

குடைச்சாமி ஒரு குடைக்கு ஊசிநூல் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறது பொய் என்று கேட்டார்.

பூவலிங்கம் கொட்டித் தீர்த்தார். எஞ்சினுக்கு முன்னால் ஒரு தகரப் போர்டு வைத்திருக்கிறார்கள். மலைவளைவில் உருண்டு கிடந்த பாறையைக் கண்டு, வண்டியை நிறுத்தி, முந்நூறு உயிர்களைக் காத்தவர் டிரைவர் சவரிமுத்து என்று அதில் எழுதியிருக்கிறது. அதில் 'கண்டு' என்கிற சொல் பச்சைப் பொய். டிரைவர் உட்காருவது இடப்பக்கம். முன்னால் பாய்லர் மதம் பிடித்த யானை படுத்த மாதிரி நீளமாகக் கிடக்கும். வலது வளைவில் வண்டி திரும்பினால் டிரைவருக்குப் பாய்லர் தெரியும், தண்டவாளம் தெரியாது. அதனால் வலது வளைவு வந்தாலே, வலப்பக்கம் நிற்கிற ஃபயர்மேன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, சிக்னல் கைகாட்டி இறங்கியிருக்கிறதா இல்லையா என்று சத்தம் போட்டுச் சொல்லவேண்டும். டிரைவர் அதையே திருப்பிச் சொல்லவேண்டும். மலைப்பாதையில் அதுதான் சட்டம். அந்த வளைவும் வலது வளைவு. பாறையைப் பார்த்தது பூவலிங்கம். சத்தம் போட்டது பூவலிங்கம்.

"அந்த ஆளுக்கு மெடல். எனக்கு இது" என்று நெற்றியைக் காட்டினார். புருவத்துக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. பிரேக் விழுந்த வேகத்தில் அடுப்புக் கதவில் போய் மோதினது. ஊரில் அந்தத் தழும்பைப் பார்க்காதவர் கிடையாது. முகம் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிவிடுவார்.

குடைச்சாமி நூலைப் பல்லால் கடித்தார். "போய்ப் பாப்போமே" என்றார்.

"எதை சாமி?"

"கருப்பாயியை."

அருங்காட்சியகத்தில் அன்றைக்குக் கூட்டமில்லை. கைவிளக்குகள், பச்சைக்கொடி சிவப்புக்கொடி, ஆள் எடை பார்க்கிற மெஷின் எல்லாவற்றையும் குடைச்சாமி ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். எடை மெஷினில் ஏறிக்கூட நின்றார். பூவலிங்கத்துக்குக் கால் தரிக்கவில்லை. பையில் ஆணி கனத்தது.

கருப்பாயி கொட்டகைக்குள் நின்றது. கல்யாணப் பெண் மாதிரி மினுமினுவென்று இருந்தது. அந்தக் காலத்தில் அது ஊதினால் ஏழு ஊரில் பால் திரியும். இப்போது அதன் புகைபோக்கியில் ஒரு மைனா குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

பக்கத்தில் போர்டு. சவரிமுத்துவின் போட்டோ, முழுத் தலைமுடியோடு. பூவலிங்கம் பைக்குள் கையை விட்டார்.

"அது எங்க ஓடிப்போகுது? முதல்ல மேல ஏறுவோம்" என்றார் குரு.

எஞ்சினில் ஏறக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது. ஆனால் காவல்காரர் கையில் இருந்தது குடைச்சாமி கம்பி மாற்றிக் கொடுத்த குடை. அவர் கொட்டகைக்கு வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே ஏறினதும் பூவலிங்கத்தின் கால் தானாக வலப்பக்கம் போனது. குரு அவருக்கு முன்னால் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க அங்க உக்காருங்க, அண்ணாச்சி."

இடப்பக்கம். டிரைவர் சீட்டு. இருபத்தெட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த சீட்டு. ஒருநாள், ஒரே ஒருநாள் சவரிமுத்து டீ குடிக்க இறங்கினபோது அதில் கையை மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார். இப்போது உட்கார்ந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. வண்டியைக் கிளப்புகிற ரெகுலேட்டர் கம்பியில் ஒரு கை, பிரேக் பிடியில் ஒரு கை.

"எப்படி இருக்கு?"

"இதுக்குத்தான் சாமி அவன் அப்படித் திரிஞ்சிருக்கான்" என்றார் பூவலிங்கம்.

ஓட்டுங்கள் என்றார் குரு. பூவலிங்கம் சின்னப் பையனைப் போல வாயாலேயே ஊதி வண்டியைக் கிளப்பினார். குரு வெளியே தலையை நீட்டி, "வலது வளைவு. கைகாட்டி இறங்கியிருக்கு" என்றார். "கைகாட்டி இறங்கியிருக்கு" என்று பூவலிங்கம் திருப்பிச் சொன்னார். இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. சத்தியமாகச் சொல்கிறேன், புகைபோக்கியிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. மைனா எழுந்து பறந்தது.

நாலாவது வளைவில் குரு, "பாறை" என்றார்.

"எங்க?" என்று பூவலிங்கம் வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். பாய்லர்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எழுந்து கழுத்தை நீட்டினார்.

குரு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "முந்நூறு பேரும் பள்ளத்துல கிடக்காங்க, அண்ணாச்சி."

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. இது என்ன, சொல்லாமல் கொள்ளாமல் கத்தினால் யாரால் முடியும், என்னைத் தயாராக விடவில்லையே என்று நியாயம் பேசினார்.

"அன்னிக்குப் பாறை சொல்லிட்டா விழுந்துச்சு?"

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார் பூவலிங்கம். பிரேக் பிடியை இறுக்கிக்கொண்டார். இந்தத் தடவை தயாராகத்தான் இருந்தார். ஆறு வளைவு தாண்டி ஏழாவதில் குரு மெல்ல, "பாறை" என்றார்.

கை பிரேக்கை இழுத்தது. ஆனால் அதற்கு முன்னால் கண் ஒரு தடவை வலப்பக்கம் போய்விட்டு வந்தது.

"பாத்துட்டீங்க" என்றார் குரு.

"ஒரு இமைதான் சாமி."

"பாறை எத்தனை தூரத்துல கிடந்துச்சு, அன்னிக்கு? வண்டி நின்னப்புறம்."

பூவலிங்கம் யோசித்தார். உங்கள் குடையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு தூரம் என்றார்.

மைனா திரும்பி வந்து உட்கார்ந்தது.

"நீங்க சத்தம் போட்டதும் அவர் என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கலை."

"திரும்பிப் பாத்தாரா?"

பூவலிங்கத்துக்கு அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. மழை. வளைவு. வெளியே நீட்டின தலையில் தண்ணீர் வழிகிறது. பழுப்பாக ஏதோ தெரிகிறது. அவர் வாயைத் திறக்கிறார். அதற்கப்புறம் நெற்றியில் அடி.

கை தானாகப் போய்த் தழும்பைத் தொட்டது.

"நீங்க ஏன் எதையும் பிடிச்சுக்கலை, அண்ணாச்சி? பாறைன்னு கத்தினவருக்கு வண்டி நிக்கப்போகுதுன்னு தெரியாதா?"

"பிடிச்சிருப்பேன் சாமி." பூவலிங்கத்தின் குரல் இறங்கியது. "முழுசாச் சொல்லி முடிச்சிருந்தாப் பிடிச்சிருப்பேன். நான் 'பா'ன்னேன். அதுக்குள்ள பிரேக் விழுந்திருச்சு."

குரு எழுந்து, குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார்.

பூவலிங்கம் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டில் இருந்தார். முன்னால் கருப்பாகப் பாய்லர். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்து தெரியாது. இருபத்தெட்டு வருஷம், ஒரு நாளைக்குப் பதின்மூன்று வலது வளைவு. நான் ஒண்ணுமே பாக்கலைய்யா என்று அந்த மனுஷன் மைக்கில் சொன்னது காதில் வந்து நின்றது. கைதட்டலும் சேர்ந்து வந்தது.

ஆனால் வியாதி அப்படி லேசில் விடுமா. எஞ்சினிலிருந்து இறங்கினதும் எதிரே போர்டு. போட்டோ. தலைமுடி. பூவலிங்கத்துக்குப் பழையபடி ஏறிவிட்டது.

"என்ன இருந்தாலும் பொய் பொய்தான, சாமி?"

"பொய்தான்."

"அழிச்சிரட்டா?"

"அழிங்க. அதுக்குத்தான ஆணி வாங்கினீங்க."

பூவலிங்கம் ஆணியை எடுத்தார். காவல்காரர் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தகரம், பெயிண்ட் எழுத்து. ஐந்து நிமிஷ வேலை. 'கண்டு' என்ற சொல்லின் முதல் எழுத்துக்குக் கீழே ஆணியின் முனையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கீச்சென்றது.

குரு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அழிச்ச இடம் மொட்டையா இருக்குமே. அங்க என்ன எழுதப்போறீங்க?"

"உண்மையை எழுதுவேன்."

"எழுதுமுன்ன ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. கேப்போம்."

பூவலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாறையை, ஃபயர்மேன் பூவலிங்கம் கண்டு சொல்ல..."

நிறுத்தினார். சொல்லி முடிக்கவில்லையே. உண்மை என்றால் உண்மையாக இருக்கவேண்டுமே. மறுபடி ஆரம்பித்தார்.

"பூவலிங்கம் கண்டு, சொல்ல வாயைத் திறந்ததுமே... தான் பாக்காம..."

மறுபடி நின்றது. ஆணி பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. போட்டோவைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார். முகம் புளி கரைத்துக் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்படி எழுதினா அந்த ஆளு இன்னும் பெரிய ஆளாயிருவானே, சாமி."

குடைச்சாமி குடையை விரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார். மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆணி கூராத்தான இருக்கு, அண்ணாச்சி?"

பூவலிங்கம் ஆணியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நீங்கள் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். 'கண்டு' என்ற சொல்லின் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு கீறல், அரை விரல் நீளம். அது எப்படி வந்தது என்று காவல்காரர் கேட்டால் மைனாவைக் கைகாட்டிவிட்டு வந்துவிடுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பூவலிங்கம் இப்போதெல்லாம் டீ குடிக்கச் சவரிமுத்துவின் தெருவழியாக நேராகத்தான் போகிறார், என் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது.