ஒரு குடத்தில் ஆயிரத்தெட்டு முழுக்கு

முன்னொரு காலத்தில், மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டில், தினம் ஓர் ஆசை முளைக்கும் ராஜா ஒருவர் இருந்தார். பக்கத்து நாட்டு ராஜா தம் பிறந்தநாளில் ஆயிரம் குடம் நீராடினாராம் என்று ஒரு தூதன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், நம் ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தமக்கு ஆயிரத்தெட்டுக் குடம் வேண்டும், அதுவும் பிறந்தநாள் விழா நடக்கும் பத்து நாளும் வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டார்.

ஊரில் வற்றாமல் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஊற்றுக்கேணி. அறுநூறு வீட்டுக்கும் அதுதான் உயிர். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் என்று ஊரார் முறை வைத்து இறைத்துவந்தார்கள். அரண்மனை விகடகவி சேந்தன் அன்று காலை தன் முறைக்காக நின்றிருந்தபோதுதான் காவலர் வந்து, நாளை முதல் கேணி அரண்மனைக்கு என்று அறிவித்தார்கள். கேணிக்குள் இறங்கியிருந்தவள் கொட்டாங்கச்சியால் தண்ணீரைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கு அடுத்த முறைக்காக நின்ற செம்பாயி மெல்லக் கேட்டாள்.

"ஏன் சாமி, ராசாவைச் சிரிக்க வைக்க மட்டுந்தான் உங்களுக்குத் தெரியுமா?"

சேந்தன் தன் முறை வந்ததும் குடத்தை நிரப்பினான். குடத்தை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, கேணியில் கை வைக்க வேண்டாம். என் வீட்டுப் பங்காக ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது. அதைக் கொண்டே ஆயிரத்தெட்டையும் முடித்துத் தருகிறேன்."

சபை கொல்லென்று சிரித்தது. நீராட்டுப் பொறுப்பிலிருந்த மந்திரி அரங்கராயருக்கோ, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. சேந்தனை விரட்ட நாலு வருஷமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சொன்னபடி முடிக்காவிட்டால் இவன் நாட்டை விட்டே போக வேண்டும், கேணியும் மழை வரும்வரை அரண்மனைக்கே சொந்தமாக வேண்டும் என்று அவர் நிபந்தனை போட, ராஜா தலையசைத்தார்.

சேந்தன் பணிவாக நீராட்டு முறை என்னவென்று கேட்டான். ராயருக்கு அது மனப்பாடம்.

"தலைக்கு மேல் குடம் கவிழ வேண்டும். கவிழும்போதெல்லாம் சங்கு ஊத வேண்டும். சங்குக்கு ஒரு புளியங்கொட்டை தட்டில் விழ வேண்டும். ஆயிரத்தெட்டாவது கொட்டை விழும்வரை ஆசனத்தில் அமர்ந்தவர் எழக் கூடாது."

"வேறு ஏதாவது உண்டா?"

"வேறொன்றும் இல்லை."

வீட்டில் சேந்தனின் மனைவி குடத்தை எடுத்துக் கொடுத்தாள். "ஊர் அடுப்பு எரியணும்னு நம்ம அடுப்பை அணைச்சுட்டீரு. போகட்டும், குடத்தையாவது உடைக்காமக் கொண்டுவாரும்" என்றாள்.

மறுநாள் காலை, எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக்கொண்டு ராஜா பலகை ஆசனத்தில் கம்பீரமாக அமர்ந்தார். பலகைக்கு அடியில் அகன்ற பித்தளைக் கொப்பரை ஒன்று. சேந்தன் முதல் குடத்தைக் கவிழ்த்தான். சங்கு ஊதியது, கொட்டை விழுந்தது. உடனே குனிந்து, கொப்பரையில் விழுந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு மறுபடி கவிழ்த்தான். சங்கு. கொட்டை. மறுபடி மொண்டான். மறுபடி சங்கு.

"இது மோசடி" என்று ராயர் பாய்ந்து வந்தார். எந்த முறை தவறிற்று என்று சேந்தன் கேட்டான். ராயர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், ஒன்றும் தவறவில்லை. ராஜாவுக்கோ எண்ணிக்கை ஏறுவதில் ஒரே குஷி. நடக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

பத்தாவது குடத்தில் எண்ணெய் மிதந்தது. முப்பதாவதில் தண்ணீர் கூழாயிற்று. மீசையில் தங்கியதைக்கூட விடாமல் சேந்தன் வழித்துக் குடத்தில் சேர்த்தான். ஐம்பதாவது கொட்டை விழுந்தபோது ராஜா அடுக்கடுக்காகத் தும்மினார்.

"சேந்தா, இதென்ன நாற்றம்?"

"கவலை வேண்டாம் மகாராஜா. அத்தனையும் தங்கள் சொந்த அழுக்குத்தான். பிறத்தியார் அழுக்கு ஒரு துளி கலக்கவில்லை."

ராஜா எழப் பார்த்தார். இன்னும் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுக் கொட்டை பாக்கி, எழக் கூடாதே என்று சேந்தன் கைகூப்பினான்.

"அட, நான் எப்போதோ சுத்தமாகிவிட்டேனடா."

"எத்தனையாவது குடத்தில், மகாராஜா?"

ராஜா யோசித்தார். மூக்கு நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் கொப்பரையில் விழும் ஓசை எல்லோருக்கும் கேட்டது.

"முதல் குடத்தில்" என்றார் கடைசியில்.

"அப்படியானால் மிச்சம் ஆயிரத்தேழு குடம் யார் தாகத்திலிருந்து எடுக்க இருந்தோம்?"

ராஜா தலை குனிந்தார். காரியம் கைநழுவுவதைக் கண்ட ராயர் பதறி, முறையைப் பாதியில் நிறுத்துவது அபசகுனம், ஆயிரத்தெட்டும் முடிந்தே ஆக வேண்டும் என்று வாதாடினார். ராஜா மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஈர மீசைக்குள் ஒரு சிரிப்பு அசைந்தது.

"மந்திரி சொல்வது நியாயம். முறை நிற்கக் கூடாது. பாக்கிக்கு நீர் வந்து உட்காரும்."

பட்டு அங்கவஸ்திரத்தோடு ராயர் பலகையில் உட்கார வைக்கப்பட்டார். குடம் கவிழ்ந்தது, சங்கு ஊதியது, கொட்டை விழுந்தது. முதல் குடத்துக்கே ராஜா சிரிக்கத் தொடங்கிவிட்டார். நூறாவதுக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவே கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். மீதி ஒன்பது நாள் நீராட்டு கிடையாது என்றும், இனி அரண்மனைக்கும் கேணியில் நாளொன்றுக்கு ஒரே குடம்தான் என்றும், குளித்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும் என்றும் அங்கேயே ஆணையிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சங்கு ஊதுபவனைப் பார்த்து, "ஏன் நிறுத்திவிட்டாய்? ஊது" என்றார்.