வண்டு தொடாத பூ

இமயத்தில் மரங்கள் முடிந்து கற்சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ஆசிரமம். குருவம்மாவுக்கு வயது நாற்பது. சீடர் பூதலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. தோவாளையில் பரம்பரையாகப் பூக்கட்டியவர். எல்லாவற்றையும் துறந்து வந்தவர், பூக்கூடையை மட்டும் துறக்கவில்லை.

கோடைதோறும் அந்தச் சரிவின் கல்லிடுக்குகளில் நீலப்பூ மலரும். கசகசாச் செடிக்கு உறவு, தண்டெல்லாம் முள். விடியுமுன் போய் ஒன்று விடாமல் பறித்து வந்துவிடுவார் பூதலிங்கம். வண்டு வாய் வைத்த பூ சாமிக்கு ஆகாது என்பது அவர் வீட்டுச் சட்டம். அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன கோடையில் காய்ச்சலில் விழுந்தார். சில நாள் பூவில்லாமலே பூஜை நடந்தது. "சாமி வெறுங்கழுத்தா நிக்காரே" என்று சின்னப்பிள்ளையாக அழுதார்.

இந்தக் கோடையில் சரிவில் ஒரு பூகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டினார்.

"ஊருக்குப் போறேன் தாயே. என் கையால பூ வாங்க சாமிக்கு இஷ்டமில்ல."

"யார் சொன்னா அண்ணாச்சி?"

"மலையே சொல்லுதே."

"போகலாம். ஒரு இடம் பாத்துட்டுப் போங்க."

மூட்டையோடு பின்னால் ஏறினார். ஒரு பாறையடியில் காய்ந்த தண்டு ஒன்று நின்றது. உச்சியில் வாய் பிளந்த காய். சுற்றிலும் நகக்கண் அளவுக்குப் பச்சை இலைகள், உடம்பெல்லாம் ரோமத்தோடு.

"இந்தச் செடி எத்தனை தடவை பூக்கும் அண்ணாச்சி?"

"வருசா வருசம்தான். நம்ம ஊரு பிச்சி மாதிரி."

"ஒரே தடவை. பூத்து, விதை போட்டுட்டுச் செத்துடும். எனக்கும் இதைப் பாத்த பிறகுதான் புரிஞ்சுது."

பூதலிங்கத்தின் முகம் இருண்டது. "அப்பம் நான் பறிச்சதெல்லாம்..." தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குனிந்து அந்தக் காய்ந்த தண்டைத் தொட்டார். "இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"நீங்க காய்ச்சல்ல கிடந்தப்போ பூத்தது. வண்டு வந்துச்சு."

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். காற்று அடிக்கும் பக்கம் உட்கார்ந்து, இலைகளைக் கையால் அணைத்துக்கொண்டார்.

"எப்பம் பூக்கும் தாயே?"

"ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். இருந்து பாருங்க."

"இருக்கேன்." கண்ணைத் துடைத்தார். "அன்னைக்குச் சாமிக்குப் பூ இல்லையேன்னு அழுதேனே!"

"அன்னைக்குத்தான் அண்ணாச்சி, சாமிக்குப் பூ கிடைச்சுது."