வாசலை எரித்த ஒளி

இசக்கியப்பன் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆசிரியை ஹெப்சிபா அவரைவிட இளையவர். இசக்கியப்பன் ஆசிரியையை டீச்சர் என்றார். ஹெப்சிபா மாணவரை அண்ணாச்சி என்றார்.

அதற்கு முன் இசக்கியப்பன் ஒரு கண் மருத்துவமனையில் கருவிகளைப் பராமரித்துவந்தார். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகள் சிலருக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும். லேசர் கொண்டு காலத்தில் தடுக்காவிட்டால் பார்வை போய்விடும். ஒருநாள் ஒரு பெண்குழந்தைக்கு வலது கண் முடிந்து இடது கண்ணைத் தொடங்கும்போது கருவி அணைந்தது. உள்ளே இருந்த, அரிசிமணியைவிடச் சிறிய லேசர் சில்லு செத்துவிட்டது. மாற்றுச் சில்லு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வேறு ஊரிலிருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அந்தக் கண் கைவிட்டுப் போயிற்று.

குழந்தையின் அப்பா யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதை நம்ம ஊர்ல செய்ய முடியாதா சார்?"

அந்தக் கேள்வியோடு இசக்கியப்பன் வேலையை விட்டுவிட்டு ஹெப்சிபாவின் ஆய்வகத்துக்கு வந்தார்.

அங்கே படிகத்தை அடுக்கடுக்காக வளர்க்கக் கற்றுக்கொண்டார். அதில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே ஒளி பிறக்கும். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே அது முட்டிமோதி வலுப்பெறும். பிறகு ஒரு ஓரத்தின் வழியே வெளியேறும். கற்கவே சில ஆண்டுகள் ஆயின. அவர் செய்த சில்லுகள் நன்றாகத்தான் ஒளி தந்தன. மருத்துவத்துக்கு வேண்டிய அளவுக்கு மின்சாரத்தை ஏற்றினால் மட்டும் செத்துப்போயின.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கருப்புத் தழும்பு. ஒளி வெளியேறும் ஓரம்.

அவர் ஓரத்தை இன்னும் சுத்தமாக வெட்டினார். அதன்மேல் பூசும் பூச்சை மாற்றினார். சூட்டை இழுக்கும் செம்புத் தகட்டைத் தடிமனாக்கினார். தழும்பு அங்கேயேதான் விழுந்தது.

கடைசியில் ஆசிரியையிடம் போனார்.

"டீச்சர், உள்ள எங்கேயும் சேதமில்ல. வெளிய போற வாசலைத்தான் எரிக்குது. போற வெளிச்சம் போக வேண்டியதுதானே?"

ஹெப்சிபா நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை தாணு தங்கச்சிக்குக் கல்யாணம். வருவீங்கல்லா?"

தாணு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். கேட்டதற்கு இதுவா பதில் என்று இசக்கியப்பனுக்கு மனம் சலித்தது. ஆனாலும் போனார்.

கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்தி முடிந்து ஆட்கள் வெளியே கிளம்பினார்கள். தாம்பூலப் பை கொடுக்கும் மேசையை வாசற்படியிலேயே போட்டிருந்தார்கள். ஒருவர் பை வாங்க நின்றார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். நிற்பவர்களைக் கண்டு மற்றவர்களும் வந்து நின்றார்கள். நெருக்க நெருக்கக் கொடுப்பவர் கை தடுமாறியது. கை தடுமாறத் தடுமாறக் கூட்டம் பெருத்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் வேர்த்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவை இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்லி யாரோ சத்தம் போட, இரண்டு பேர் கதவோடு மல்லுக்கட்டினார்கள்.

ஹெப்சிபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் பிடிங்க."

இருவருமாக மேசையை உள்ளே தூக்கிவந்து ஒரு தூண் ஓரம் போட்டார்கள். வாசற்படி காலியாயிற்று. சற்று நேரத்தில் ஆட்கள் பையும் கையுமாகப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். அந்தப் பெண்ணும் காற்றாட வெளியே போனாள். ஹெப்சிபா ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

இசக்கியப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அவர் கதவோடுதான் மல்லுக்கட்டியிருந்தார். ஓரத்தில் இருக்கும் படிகமும் போகிற ஒளியில் கொஞ்சம் குடிக்கிறது. குடித்ததில் சூடாகிறது. சூடானதும் இன்னும் குடிக்கிறது. தாணு வந்து தோளைத் தொடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் முதல் அவர் ஓரத்துப் படிகத்தின் தன்மையையே மாற்றப் பார்த்தார். கடைசிக் கீற்றளவு இடத்தில் மட்டும் அடுக்குகளைச் சூட்டில் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அந்த இடம் ஒளியைக் குடிக்காது. சொல்வது எளிது. சூடு கூடினால் கலப்பு உள்ளே வரை பரவிச் சில்லே ஒளி தராமல் ஊமையாகிவிடும். சூடு குறைந்தால் பழைய தழும்பு. கூடச் சேர்ந்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். அவர் சூளையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபா அவரை ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒரு காலையில் புதுச் சில்லுக்கு மின்சாரம் ஏற்றினார்கள். முந்தையவை செத்த அளவு வந்தது. தாணு கண்ணை மூடிக்கொண்டான். அந்த அளவைத் தாண்டியது. மருத்துவமனைக்கு வேண்டிய அளவு வந்தது. அதையும் தாண்டியது. அதற்குமேல் கொடுக்க மின்கருவியில் திறன் இல்லை. சில்லு ஒளி தந்துகொண்டே இருந்தது.

தாணு ஓடிப்போய் லட்டு வாங்கிவந்தான். இசக்கியப்பன் நுண்ணோக்கியில் ஓரத்தைப் பார்த்தார். தழும்பு இல்லை. மறுபடியும் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு லட்டைக் கையில் வாங்கினார்.

மாதக்கணக்கில் ஓடவிட்டார்கள். அது அணையவில்லை. காப்புரிமை கிடைத்தது. சோதனைகளும் அனுமதிகளும் முடிந்து அந்தச் சில்லை வைத்த கருவி மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஆய்வகத்தில் விழா வைத்தார்கள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி கருவியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்சைப் போட்டாச்சா?"

போட்டாயிற்று என்றும், அது மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றும் இசக்கியப்பன் விளக்கினார். அதிகாரி அப்படியா என்றார். படம் எடுக்க வந்தவர்கள் ரிப்பனைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் போன பிறகு இசக்கியப்பன் கேட்டார்.

"எட்டு வருஷம், டீச்சர். இந்த வெளிச்சத்தை நான் யாருக்கு எப்படிக் காட்டுவேன்?"

ஹெப்சிபா நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். இசக்கியப்பனும் கூடச் சேர்ந்து அடுக்கினார்.

மழைக்காலம் முடிந்தபோது ஹெப்சிபா அவரைக் கண் மருத்துவமனைக்கு வரச் சொன்னார். வெளிநோயாளிகள் கூடத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குறைமாதத்தில் பிறந்த ஆண்குழந்தை. இவர்கள் செய்த சில்லால் இரண்டு கண்ணுக்கும் வைத்தியம் பார்த்த முதல் பிள்ளை அவன்தான் என்று மருத்துவர் சொன்னார்.

ஹெப்சிபா குழந்தைக்கு எதிரே நின்றிருந்த இசக்கியப்பனிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்த ஜன்னல் வரைக்கும் நடங்க."

நடந்தார். குழந்தையின் தலை மெல்லத் திரும்பியது. ஜன்னலருகே நின்றார். குழந்தையின் பார்வையும் நின்றது. அவர் திரும்பி நடந்தார். இரண்டு கண்களும் அவர் கூடவே வந்தன. தாய் சிரித்தாள்.

இசக்கியப்பன் குழந்தையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"காட்டிட்டீங்க, அண்ணாச்சி" என்றார் ஹெப்சிபா. "அவன் பாக்கான்."