பிக் என்ற பெயருக்குப் பதில் சொன்னவள்

அந்தக் காலத்தில், பன்றிகள் பேசிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரே ஒரு பெயர்தான். குடும்பப் பெயர் கிடையாது. ஊரில் பதினொரு ஜான்கள் இருந்தால், "ஜான்!" என்றதும் பதினொரு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாருக்கும் கழுத்து சுளுக்கியதில்லை.

ஓக் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஹில்டா என்ற கைம்பெண் பன்றி மேய்த்து இரண்டு மகள்களை வளர்த்தாள். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள் விழும்போது பன்றிகளைக் காட்டுக்குள் விடுவது அவ்வூராரின் பழைய உரிமை. கொட்டை தின்றால்தான் பன்றி பனிக்காலத்தைத் தாண்டும். பன்றி தாண்டினால்தான் ஹில்டாவின் வீடும் தாண்டும்.

ஊர்ப் பிரபுவுக்கோ காட்டை வளைத்து மான் வேட்டையாட ஆசை. நேராகப் பிடுங்கினால் ஊர் கொதிக்கும். அவருடைய எழுத்தர் ஒரு வழி சொன்னார்: வீட்டுக்கு வீடு ஒரு குடும்பப் பெயர் சூட்டி ஏட்டில் எழுதுவது, ஊர்க்கூட்டத்தில் அதை மூன்று முறை கூப்பிடுவது, பதில் சொல்லும் குடும்பத்துக்கு மட்டும் காடு.

காட்டைக் கேட்காதவர்களுக்கு நல்ல பெயராகக் கிடைத்தது. கேட்டவர்களுக்கோ பதில் சொல்லவே கூசும் பெயர். ஒருவனுக்குக் 'கோணக்கால்'. ஹில்டாவுக்கு 'பிக்'. அவர்கள் மொழியில் பன்றி.

"ஏனய்யா, ஊரில் வேறு பெயரே இல்லையா?" என்றாள் ஹில்டா.

"காட்டை விட்டுக்கொடம்மா. 'கிரீன்' என்று பச்சைப்பசேலென எழுதித் தருகிறேன்," என்றார் எழுத்தர்.

வீட்டில் மூத்தவள் விம்மினாள். "பன்றிக் குடும்பத்தில் யாரும்மா பெண் எடுப்பாங்க?"

தொழுவத்திலிருந்த சினைப்பன்றி தலையைத் தூக்கியது. "அழாதேடி. எட்டு வருஷமா அந்தப் பேரோடதான் இருக்கேன். என் மேல ஏதாவது களங்கம் தெரியுதா?"

"உன் மேல சேறுதான் தெரியுது."

"அது கழுவினாப் போயிடும்," என்றது பன்றி.

கூட்ட நாள் வந்தது. எழுத்தர் ஏட்டை விரித்தார். "கோணக்கால்!" மூன்று முறை கூப்பிட்டார். அந்த மனிதன் தன் காலையே பார்த்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. அவன் காடு போயிற்று.

"பிக்!" ஊரே சிரித்தது.

"பிக்!" மூத்தவள் ஹில்டாவின் கையை இறுகப் பிடித்தாள். விட்டுவிடலாம், ஒரு நொடி மௌனம் போதும். ஆனால் தொழுவத்தில் வயிற்றுச் சுமையோடு ஒருத்தி காத்திருக்கிறாளே.

"பிக்!"

ஹில்டா எழுந்து நின்றாள். "இருக்கிறேன்! நான் பிக். என் மகள்கள் பிக். இவர்களுக்குப் பிறக்கப்போகிறவர்களும் பிக். எல்லோரும் சிரித்து முடியுங்கள், நிற்கிறேன். அப்புறம் எனக்குக் காட்டில் வேலை இருக்கிறது."

சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்த அமைதியில் கோணக்கால்காரன் எழுந்தான். "எழுத்தரே, என்னை இன்னொரு தரம் கூப்பிடுமய்யா!"

"மூன்று முறைதான் விதி!"

"கூப்பிடும்!" என்றது ஊர். எழுத்தர் கூப்பிட்டார். அவன் பதில் காட்டின் மறுகோடிவரை கேட்டது.

மறுநாள் சினைப்பன்றி ஓக் மரத்தடியில் வாய் நிறையக் கொட்டையோடு நின்றது. பேச நேரமில்லை, அதன் இனம் பிறகு பேசவே இல்லை. சான்று கேட்பவர்கள் அதனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அன்று முதல்தான், எந்தச் சபையில் பெயர் வாசித்தாலும் பிக் குடும்பத்தார் தேவைக்கு மேல் உரக்கப் பதில் சொல்கிறார்கள். யாராவது சிரித்தால், அவர் சிரித்து முடிக்கும்வரை உட்காராமல் நிற்கிறார்கள்.